கணக்கு நோட்டு இல்லாத கழகம்



போன மாதம் ஒரு மாலை. தெரியாத எண்ணிலிருந்து போன். "சார், நல்லா இருக்கீங்களா? என் குரல் தெரியுதா?" என்றான். தெரியவில்லை. கடைசி பெஞ்ச், ஜன்னலோரம் என்று அடையாளம் சொன்னதும் தெரிந்துவிட்டது. இப்போது அவன் உடற்கல்வி ஆசிரியர். மதுரைக்கு வெளியே, திருமங்கலம் பக்கம் ஒரு பொட்டல் மைதானத்தில் பையன்களையும் பிள்ளைகளையும் சேர்த்து ரக்பி சொல்லிக் கொடுக்கிறானாம். நம்ம ஊரில் கபடி தெரியும், ஹாக்கி தெரியும், மஞ்சுவிரட்டு தெரியும். ரக்பியா என்று நான் கேட்டேன். "கபடி ஆடுற பிள்ளைகளுக்கு ரக்பி சீக்கிரம் வந்துரும் சார், பிடிச்சு மடக்குறது அவங்களுக்குக் கைவந்த கலை" என்றான்.

விஷயம் என்னவென்றால், கழகத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு விதிமுறை எழுதித் தர வேண்டும். "நீங்கதான் சார் எழுதித் தரணும். இன்டர்நெட்ல ஒரு மாதிரி இருக்கு, அதைப் பேர் மாத்திக் கொடுத்துரலாம்னு பசங்க சொல்றாங்க. எனக்குத்தான் மனசு ஒப்பல" என்றான்.

நல்லவேளை ஒப்பவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது பழைய வரலாறு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. கூடவே, நாற்பது ஆண்டாக நான் யாரிடமும் சொல்லாத ஒரு சொந்தக் கணக்கும் வந்து நின்றது. இரண்டையும் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் மணி அடித்தும் நிறுத்தாதவன் நான் என்று உங்களுக்குத் தெரியுமே.

முதலில் ஒரு நல்ல செய்தி. ரக்பி ஆட்டத்துக்கு முதன்முதலில் விதி எழுதியவர்கள் பெரியவர்கள் இல்லை, மாணவர்கள். இங்கிலாந்தில் ரக்பி என்ற ஊரில் உள்ள பள்ளி அது. ஆட்டத்துக்கு ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. அங்கே மேல்வகுப்பு மாணவர்கள் மூன்று பேரிடம், நாம் ஆடுவதை எழுத்தில் கொண்டு வாருங்கள் என்ற பொறுப்பு வந்தது. 1845 ஆகஸ்ட் 28ஆம் தேதி 37 விதிகளை எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முன் விதி எல்லாம் வாய்ச்சொல்தான். ஒவ்வொரு சச்சரவுக்கும் "போன வருசம் எப்படி ஆடினோம்" என்று மூத்த மாணவர்களைக் கேட்க வேண்டும். எழுதிய பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. காலணியின் அடியில் ஆணி துருத்திக்கொண்டு இருக்கக் கூடாது என்பதும் அதில் ஒரு விதி. ஏற்கெனவே எத்தனை முழங்கால் கிழிந்திருந்தால் அப்படி ஒரு விதி தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விதி என்பதே இப்படித்தான் பிறக்கிறது. எங்கோ ஒருவனுக்குக் காயம் பட்ட பிறகுதான் எழுதுகிறார்கள்.

அந்த மூவரில் ஒருவர் வில்லியம் டெலஃபீல்ட் ஆர்னால்ட். அந்தப் பள்ளியின் புகழ்பெற்ற தலைமையாசிரியர் தாமஸ் ஆர்னால்டின் மகன். விதி எழுதும்போது வயது 17. பிற்பாடு இந்தியாவுக்கு வந்து பஞ்சாபில் பொதுக்கல்வித் துறையின் இயக்குநராக இருந்தார். 1859இல், ஊர் திரும்பும் வழியில் ஜிப்ரால்டரில் இறந்துபோனார். ரக்பியின் முதல் விதிகளை எழுதிய கைகளில் ஒன்று நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கும் கோப்பு எழுதியிருக்கிறது. ஆசிரியனான எனக்கு இது ஒரு சின்ன சந்தோஷம்.

பள்ளிக்குப் பள்ளி, கழகத்துக்குக் கழகம் விதி வேறாக இருந்ததால் வெளியூரோடு ஆட முடியவில்லை. ஆகவே 1871 ஜனவரி 26 அன்று லண்டனில் ஓர் உணவு விடுதியில் 21 கழகங்கள் கூடி ரக்பி கால்பந்து ஒன்றியத்தை உருவாக்கின. விதிகளை எழுதும் வேலை மூன்று வழக்கறிஞர்களிடம் போனது. காலில் எட்டி உதைப்பதைத் தடை செய்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு வர வேண்டிய வாஸ்ப்ஸ் என்ற கழகம் மட்டும் வரவில்லை. அவர்களுடைய ஆள் தவறான இடத்துக்குப் போய்விட்டார் என்று ஒரு கதை உண்டு. அதனால் நிறுவிய கழகங்களின் பட்டியலில் இடம்பெறும் வாய்ப்பு போய்விட்டது. கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு, என்ன பொருள் என்று எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்ற விதியை இளைஞர்கள் வெறும் சடங்கு என்று நினைப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல இந்தக் கதை ஒன்று போதும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நான் சொல்ல நினைத்த முக்கியமான வரலாறு இதுதான்.

1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் ஒரு ரக்பி ஆட்டம் நடந்தது. ஒருபக்கம் இங்கிலாந்துக்காரர்கள் 20 பேர், எதிர்ப்பக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் 20 பேர். உற்சாகம் தாங்காமல் ஒரே வாரத்தில் மறுபடியும் ஆடினார்கள். அடுத்த மாதமே, 1873 ஜனவரியில், கல்கத்தா கால்பந்துக் கழகம் பிறந்தது. மறு ஆண்டு லண்டன் ஒன்றியத்தில் உறுப்பினராகவும் சேர்ந்தது.

தொடக்கத்தில் கூட்டம் அலைமோதியது. காரணம் ஆட்டம் மட்டும் இல்லை, கழகத்தில் மது இலவசம்! பிறகு அந்த இலவசத்தை நிறுத்தினார்கள். உறுப்பினர் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. ஆடிக்கொண்டிருந்த ராணுவப் படைப்பிரிவும் ஊர் மாறிப் போனது. கல்கத்தா வெயிலுக்கு ரக்பியைவிட டென்னிசும் போலோவும் ஒத்து வந்தன. நான்கைந்து ஆண்டில் கழகம் தள்ளாட ஆரம்பித்தது.

கழகம் சாவது புதிதில்லை. நம்ம பக்கம் வருஷத்துக்குப் பத்து கழகம் பிறக்கிறது, பத்து மறைகிறது. மறையும்போது கையிருப்புப் பணம் என்ன ஆகிறது? ஒரு விருந்து வைப்பார்கள். அல்லது யார் கையில் இருக்கிறதோ அவரோடு போய்விடும். கல்கத்தாவில் அப்படி நடக்கவில்லை. அப்போது தலைவர், செயலர், பொருளாளர் மூன்று பொறுப்பையும் சுமந்தவர் ஜி.ஏ. ஜேம்ஸ் ராத்னி என்பவர். வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாயாகவே எடுத்தார்கள். 270 ரூபாய். அன்றைய ரூபாய் ஒன்று ஏறத்தாழ 11.66 கிராம். 270க்கும் பெருக்கிப் பாருங்கள், மூன்று கிலோவுக்கு மேல் வருகிறது. அதை உருக்கி, நம் நாட்டுக் கைவினைஞரைக் கொண்டு ஒரு கோப்பை செய்தார்கள். மூன்று கைப்பிடிகளும் நாகப்பாம்பு, மூடியின் மேல் யானை, சுமார் ஒன்றரை அடி உயரம். 1878இல் அதை லண்டன் ஒன்றியத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கழகத்தை மூடினார்கள். 1879இலிருந்து இன்றுவரை இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதும் ஆட்டத்துக்கு அந்தக் கோப்பைதான் பரிசு. பெயர் கல்கத்தா கோப்பை.

யோசித்துப் பாருங்கள். ஐந்தே ஆண்டு வாழ்ந்த கழகம். அதில் ஆடியவர்கள் பெயர் யாருக்கும் நினைவில்லை. எந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்பாரில்லை. ஆனால் கடைசிக் கணக்கை ஒழுங்காக முடித்ததால் நூற்றைம்பது ஆண்டாகப் பெயர் நிற்கிறது. ஒரு கழகத்தை நடத்தத் தெரிந்தவனுக்கு அதை முடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் சட்டமும் உண்டு. 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் 14ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? சங்கம் கலைந்து, கடன் எல்லாம் தீர்ந்த பிறகு மிஞ்சும் சொத்தை உறுப்பினர்கள் தமக்குள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, வேறொரு சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். கழகத்தின் பணம் கழகத்தாரின் பணம் இல்லை. இந்த ஒரு வாக்கியம் புரிந்தால் பாதி விதிமுறை புரிந்த மாதிரி.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்த பழக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் பாண்டி நாட்டிலேயே திருநெல்வேலிக்குப் பக்கத்தில் மானூர் என்று ஓர் ஊர். அங்கே கோயிலில் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு, சுமார் 1200 ஆண்டுப் பழமை. ஊர்ச்சபை எப்படி நடக்க வேண்டும் என்ற விதிமுறை அது. யார் உறுப்பினராகலாம் என்று சொல்கிறது. இன்னொன்றும் சொல்கிறது. எந்தத் தீர்மானம் வந்தாலும் "கூடாது, கூடாது" என்று வெறுமனே குறுக்கே நிற்பவனுக்கு ஐந்து காசு தண்டம்! நம் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் இதை இன்றைக்கும் அமல்படுத்தினால் ஒரு கட்டடமே கட்டலாம்.

குடவோலை முறை பாடத்தில் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உத்திரமேரூர், முதலாம் பராந்தகன், கி.பி. 921. வாரியத்துக்கு நிற்பவருக்கு 35க்கு மேல், 70க்குள் வயது. மூன்று ஆண்டுக்குள் பொறுப்பில் இருந்தவர் மறுபடி நிற்கக் கூடாது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கவே கூடாது, அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்காக உங்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். அதன் அருமை எனக்கே இப்போதுதான் முழுசாகத் தெரிகிறது. வயது வரம்பு, பதவிக்கால இடைவெளி, கணக்கு, உறவினருக்குத் தடை. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டிய நான்கு விஷயங்கள்.

ஆனால் வரலாற்று வாத்தியார் நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. அதே கல்வெட்டுகள் நிலம் இல்லாதவனை வெளியே நிறுத்தின. வேதம் படிக்காதவனை வெளியே நிறுத்தின. பெண்ணைப் பற்றிய பேச்சே இல்லை. ஆகவே எந்த விதிமுறையைப் படித்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது யாரிடமிருந்து எதைக் காப்பாற்றுகிறது? இது யாரை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது?

இந்த இரண்டாவது கேள்வியில்தான் ரக்பியின் பெரிய சண்டை இருக்கிறது. என்னுடைய கணக்கும் அங்கேதான் இருக்கிறது.

அமெச்சூர் என்ற சொல்லுக்கு மூலம் அன்பு. ஆட்டத்தின் மேல் உள்ள ஆசைக்காக ஆடுபவன், காசுக்காக ஆடாதவன். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் இங்கிலாந்தின் வடபகுதியில் ரக்பி ஆடியவர்கள் சுரங்கத் தொழிலாளிகள், பஞ்சாலைத் தொழிலாளிகள். வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். "ஆடுவதற்குக் காசு வேண்டாம், இழந்த கூலியை மட்டும் கொடுங்கள்" என்று அவர்களுடைய கழகங்கள் கேட்டன. 1893இல் ஒன்றியத்தின் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு. தீர்மானம் தோற்றது. ஒன்றியத்தை நடத்தியவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குச் சனிக்கிழமை ஆட்டம் பொழுதுபோக்கு. கூலி என்ற சொல்லே அவர்களுக்குக் கறை.

1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்ட் நகரில் ஜார்ஜ் ஹோட்டல் என்ற விடுதியில் வடபகுதிக் கழகங்கள் கூடித் தனியாகப் பிரிந்தன. இழந்த கூலிக்கு நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் என்று அனுமதித்தார்கள். அதுதான் பிற்பாடு ரக்பி லீக் என்ற தனி ஆட்டமாகவே ஆயிற்று. பிரிந்து போனவர்களோடு ஆடியவனை மற்ற பக்கம் வாழ்நாள் முழுவதும் தள்ளி வைத்தது. அதே 1890களில்தான் நம்ம மதுரையிலும் ஆர்வி மில் ஓட ஆரம்பித்தது. மில் சங்குக்கு ஓடிய நம் தாத்தாக்களுக்கு அந்த வடநாட்டுத் தொழிலாளியின் வழக்கு சட்டென்று புரிந்திருக்கும்.

எனக்குத்தான் புரியவில்லை.

எண்பதுகளில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் ஊரில் ஒரு கபடி அணி. பெயர் வேண்டாம். பழைய ஆட்கள் புரிந்துகொள்வார்கள். பொருளாளர் நான். படித்தவன், வாத்தியார் வேலை, கணக்கு சுத்தமாக இருக்கும் என்று எல்லோரும் சேர்ந்து வைத்தார்கள். நானும் சுத்தமாகத்தான் இருந்தேன், மனசுக்குள். ஆனால் நோட்டு வைத்துக்கொள்ளவில்லை. வரவு காலண்டர் தாளின் பின்பக்கம். செலவு என் ஞாபகத்தில். திருவிழாப் போட்டி நடத்தி முடித்ததில் ஆயிரத்துச் சில்லறை மிச்சம். அது எங்கள் வீட்டு மேசை டிராயரில்.

அணியில் ஒரு பையன். ரைடு போனான் என்றால் கோடு தாண்டித் திரும்பி வரும் வரைக்கும் யாரும் மூச்சு விட மாட்டோம். செங்கல் சூளையில் வேலை. வெளியூர் போட்டி ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது, இரண்டு நாள். அவன் என்னிடம் வந்து தயங்கித் தயங்கி, "சார், ரெண்டு நாள் கூலி போயிரும். கழகப் பணத்துல இருந்து அதை மட்டும் தர முடியுமா? வீட்டுல கேக்குறாங்க" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விளையாட்டுக்குக் கூலி கேக்கலாமா தம்பி? நாம அமெச்சூர்." இதே சொற்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற நான், சூளையில் மண் மிதிக்கிற பையனுக்கு அன்பைப் பற்றிப் பாடம் எடுத்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. போட்டிக்கும் வரவில்லை. பிறகு ஆடவும் வரவில்லை.

அதோடு முடியவில்லை. அவனுக்கு மறுத்த அதே பணத்திலிருந்து வேறு இரண்டு பேருக்கு நான் பஸ் செலவுக்குக் கொடுத்திருந்தேன். தப்பான எண்ணம் இல்லை, கேட்டார்கள், கொடுத்தேன். எது பயணப்படி, எது கூலி, யாருக்கு எவ்வளவு என்று எழுதி வைத்த விதி எதுவும் இல்லை. செய்தி கசிந்தது. மேலத்தெருப் பையன்களுக்குக் கொடுப்பார், கீழத்தெருப் பையனுக்குக் கொடுக்க மாட்டார் என்று பேச்சு. கணக்கைக் காட்டு என்றார்கள். காட்ட என்னிடம் காலண்டர் தாள்தான் இருந்தது. அந்த வருஷமே அணி இரண்டாக உடைந்தது. அடுத்த வருஷம் இரண்டும் இல்லை. மிச்சப் பணத்தைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டுக் கை கழுவினேன். அதற்கும் தீர்மானம் கிடையாது. ராத்னி 270 ரூபாயில் செய்ததை நான் ஆயிரத்துச் சில்லறையில் செய்யவில்லை. அந்த மைதானம் இப்போது வீட்டுமனை.

நான் பணம் எடுக்கவில்லை என்று இன்றும் சொல்வேன். ஆனால் அதை நிரூபிக்க என்னால் முடியாது. கணக்கு நோட்டு திருடனைப் பிடிப்பதற்கு மட்டும் என்று நினைத்துவிட்டேன். யோக்கியனைக் காப்பாற்றவும் அதுதான் வேண்டும். மனசில் இருக்கும் நேர்மையை அடுத்தவன் எப்படிப் படிப்பான்?

1995 ஆகஸ்டில், ஹட்டர்ஸ்ஃபீல்ட் பிரிவுக்குச் சரியாக நூறு ஆண்டு நிறையும் நேரத்தில், உலக ரக்பி அமைப்பு பாரிசில் கூடி, ஆட்டக்காரர்கள் இனிமேல் பணம் வாங்கலாம் என்று அறிவித்தது. நூறு ஆண்டு கழித்தாவது அவர்கள் திருத்திக்கொண்டார்கள். சூளைக்காரப் பையனிடம் நான் அதைச் செய்யவில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று விசாரித்தேன், தெரியவில்லை. இதைப் படிக்கிற யாருக்காவது தெரிந்தால் என்னிடம் சொல்லுங்கள். நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

சரி, பெரிய இடங்களில் விதி ஒழுங்காக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. நம் கபடியையே எடுங்கள். நாட்டின் கபடிக் கூட்டமைப்பின் பெயரிலேயே அமெச்சூர் என்று இருக்கிறது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்ந்தது. தொடர்ந்து தங்கம் வந்தது. களத்தில் அவ்வளவு பெருமை. நிர்வாகத்தில் என்ன? ஒருவரே 1984இலிருந்து 2013 வரை தலைவர். பிறகு அவருக்கு ஆயுள் தலைவர் என்று ஒரு பதவி, அவருடைய மனைவி தலைவர். உத்திரமேரூர்க்காரன் கேட்டிருந்தால் சிரித்திருப்பான். 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளி, நிர்வாகி ஒருவரை நியமித்தது. தேர்ந்தெடுத்த நிர்வாகம் இல்லை என்று சொல்லிச் சர்வதேசக் கூட்டமைப்பு இந்தியாவை இடைநீக்கம் செய்தது. ஆசியப் போட்டிக்கு நம் பெண்கள் போக முடியுமா என்பதே சந்தேகமாகி, வீராங்கனைகள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தது. 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் வழி திறந்தது. மார்ச்சில் ஈரான் போய்க் கோப்பையோடு வந்தார்கள். நிர்வாகம் செய்த தப்புக்கு ஆட்டக்காரர்கள் எதற்கு நீதிமன்றப் படி ஏற வேண்டும்?

2011இல் வந்த தேசிய விளையாட்டு நெறிமுறை பொறுப்பாளர்களுக்கு 70 வயது வரம்பு வைத்தது. எண்ணைக் கவனித்தீர்களா? பராந்தகன் காலத்து எண் அதே 70. 2025 ஆகஸ்டில் விளையாட்டு நிர்வாகத்துக்கென்றே நாடாளுமன்றம் தனிச் சட்டமும் இயற்றிவிட்டது. பெண்களுக்கும், விளையாடிப் பேர் வாங்கியவர்களுக்கும் நிர்வாகக் குழுவில் இடம் வேண்டும் என்கிறது அது.

இப்போது என் மாணவனுக்கு எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறேன். கபடியோ, கைப்பந்தோ, இளைஞர் மன்றமோ, யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

நம் மாநிலத்தில் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இருக்கிறது. 1978 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. விளையாட்டுக் கழகமும் இதில் அடங்கும். குறைந்தது ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டும். நோக்கமும் விதிமுறையும் எழுத்தில் இருக்க வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலோர் அதோடு சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். வேலையே அதற்குப் பிறகுதான். ஆண்டுக்கொரு பொதுக்குழு கூட வேண்டும். வரவு செலவை அதன் முன் வைக்க வேண்டும். பொறுப்பாளர் மாறினால் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். இதை விட்ட கழகத்துக்கு, பிற்பாடு மானியமோ மைதானமோ கேட்கும்போதுதான் வலி தெரியும்.

அவனுக்கென்று நான் சேர்த்த விதிகள் சில.

ஒன்று, மூன்று நோட்டு கட்டாயம்: உறுப்பினர் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம். எந்த உறுப்பினர் எப்போது கேட்டாலும் காட்ட வேண்டும்.

இரண்டு, பணம் கழகத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் மட்டும். எடுக்க இரண்டு பேர் கையெழுத்து. இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது.

மூன்று, தலைவர், செயலர், பொருளாளர் யாரும் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் அதே பொறுப்பில் கூடாது. பொருளாளர் கணக்கை ஒப்படைக்காமல் எந்தப் பொறுப்புக்கும் மறுபடி நிற்கக் கூடாது.

நான்கு, கூட்ட அறிவிப்பு எழுத்தில். நாள், நேரம், இடம், பொருள் நான்கும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டாலும் போடுங்கள், மைதானத்துச் சுவரிலும் ஒட்டுங்கள். போன் இல்லாத பிள்ளையும் உறுப்பினர்தான்.

ஐந்து, தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே அந்தப் பிள்ளை உடனே வெளியே. அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது. உலக ரக்பி அமைப்பே வலியுறுத்துவது இது. இறுதிப் போட்டியாக இருந்தாலும், பயிற்சியாளரே கெஞ்சினாலும் கிடையாது. மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை ஆட்டம் இல்லை. முதலுதவிப் பெட்டி இல்லாமல் ஆட்டம் தொடங்கக் கூடாது.

ஆறு, நிர்வாகக் குழுவில் பெண்கள் இருவராவது, இப்போது ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரர் ஒருவராவது இருக்க வேண்டும்.

ஏழு, கழகம் கலைந்தால் மிச்சப் பணம், பந்து, உடை எல்லாம் அருகில் உள்ள வேறொரு பதிவு பெற்ற விளையாட்டுச் சங்கத்துக்கு. கல்கத்தா வழி.

எட்டு. இதை எழுதத்தான் அதிக நேரம் ஆனது. வெளியூர் ஆட்டத்தால் கூலி இழக்கும் உறுப்பினருக்கு, கழக நிதியிலிருந்து அன்றைய கூலி ஈடு செய்யப்படும். கேட்பவர் காரணம் விளக்கிக் கெஞ்ச வேண்டியதில்லை, படிவத்தில் ஒரு கையெழுத்துப் போதும். தொகையைப் பொதுக்குழு ஆண்டுதோறும் நிர்ணயிக்கும். எல்லாத் தெருவுக்கும் ஒரே தொகை.

படித்துவிட்டு அவன் போன் செய்தான். "சார், எட்டாவது விதிக்கு நம்மகிட்ட பணமே இல்லையே" என்றான். "பணம் இல்லைன்னா இல்லைன்னு பொதுக்குழுவில் எழுதி வை. ஆனா விதி இருக்கட்டும். கேக்குற பிள்ளை தலை குனிஞ்சு நிக்கக் கூடாது" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி சார்" என்றான்.

அந்த எட்டாவது விதிக்கு முதல் வரவாக, என் ஒரு மாதப் பென்ஷனைக் கழகக் கணக்கில் போட்டிருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, இது பழைய பாக்கி. ரசீது வாங்கிவிட்டேன். எண் 1.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்